ரப்பர் காட்டில் ஓடிய வெள்ளைச் சைக்கிள்

நான் வேலையை விட்டு நின்ற அன்று, ஈப்போவில் சிலிபின் பகுதியிலிருந்த சைக்கிள் சாயக் கடையில் என்னோடு வேலை பார்த்த இளைஞர்கள் காப்பியும் கேக்கும் வாங்கி வைத்திருந்தார்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றி, பழைய காலத்தில் சாயம் அடித்த விதத்துக்கு வந்தது. அவர்கள் கையில் இப்போது காற்றில் பீச்சும் துப்பாக்கி இருக்கிறது. காலையில் பிரேமைத் தொங்கவிட்டால் சாயங்காலம் வண்டி வாசலுக்குப் போய்விடும். ஒருவன் கேட்டான்:

"அண்ணே, உங்க காலத்துல எல்லாமே கறுப்புதானே? வேற கலரு ஏது?"

"கறுப்புதான்லா. கொஞ்சம் கரும்பச்சை. ஒண்ணே ஒண்ணு வெள்ளை" என்றேன்.

அந்த ஒன்று என்ன கதை என்று அவர்கள் கேட்பதற்குள் வாசலில் வாடிக்கைக்காரர் வந்துவிட்டார். பேச்சு அறுந்துபோனது. வீட்டுக்கு வந்த பிறகு எனக்குத்தான் அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் ஈப்போவுக்கு வந்தபோது வயது பதினெட்டோ பத்தொன்பதோ. அப்பா தோட்டத்தில் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். நானும் கொஞ்ச காலம் வெட்டினேன். பிறகு ஸ்டோரில் போட்டார்கள். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலத்தின் வாடை என் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருமி இருமி இளைத்துப் போனதைப் பார்த்து, அப்பாவே என்னை ஈப்போவுக்கு அனுப்பிவிட்டார். கிந்தா ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில், பழைய சைக்கிள்களுக்குச் சாயம் போடும் ஒரு சீனர் கடையில் வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருஷம் நான் துருவைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. காரச் சோடாத் தண்ணீரில் பழைய சாயத்தை ஊறவைத்து உரிப்பது, கம்பி பிரஷால் தேய்ப்பது, மண்ணெண்ணெயில் துடைப்பது, எமரித்தாளால் மறுபடி தேய்ப்பது. இரவு படுத்தால் தலைமுடியிலிருந்து பாயில் துருப்பொடி உதிரும். அதற்குப் பிறகுதான் சாய பிரஷ் என் கைக்கு வந்தது.

கடை முதலாளி நான் சேர்வதற்கு முன்பே இறந்துவிட்டார். கடையை நடத்தியது அவர் மனைவி. முதலாளியின் மனைவியைத் தவுக்கேசோ என்று சொல்வது இங்கே வழக்கம். எங்களுக்கு அவர் பெயரே அதுதான். குட்டையான உருவம், கறுப்புக் கால்சட்டை, இறுக்கிக் கட்டிய கொண்டை. தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகித் தமிழை அரைகுறையாகப் பேசுவார். வார்த்தை கிடைக்காத இடத்தில் மலாயைப் போட்டு நிரப்பிக்கொள்வார்.

பழைய பிரேம் வந்தால் அவர் முதலில் நிறத்தைப் பற்றிப் பேசமாட்டார். ஒரு ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு குழாயாகத் தட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். நல்ல குழாய் கிண்ணென்று சொல்லும். உள்ளே துரு தின்ற குழாய் பானை விரிசல் விட்டதுபோல் மந்தமாகச் சொல்லும். அப்படிச் சொன்னால், "இது உள்ளே சாக்கித்" என்பார். உள்ளே நோய் என்று அர்த்தம். பிறகு கேள்விகள் வரும். வண்டி எங்கே நிற்கும், வீட்டுக்குள்ளா, கூரைக்கு வெளியிலா? யார் ஓட்டுவது? பால் வாளி தொங்குமா? ஆற்றைக் கடக்குமா? இதெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் என்ன பூச்சு என்று அவர் வாயிலிருந்து வரும். பட்டணத்தில் வீட்டுக்குள் நிற்கும் வண்டிக்கு பிரஷால் அடித்துக் காயவைத்த கறுப்பு போதும். தோட்டத்து வண்டிக்கு, கொல்லைப்புறத்தில் இருந்த செங்கல் அடுப்பில் கரி மூட்டிச் சுட்ட கறுப்பு. அந்தச் சுட்ட கறுப்பு இருக்கிறதே, கல்லில் உரசினாலும் லேசில் விடாது. சுட்டு எடுத்துத் தேய்த்து முடித்ததும், தவுக்கேசோ கண்ணை மூடிக்கொண்டு மணிக்கட்டின் உள்பக்கத்தைக் குழாயில் வைத்து மெதுவாக இழுப்பார். ஒரு தூசி தட்டினாலும், "லாகி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுபடி செய் என்று பொருள். கோபமாகச் சொல்லமாட்டார். சோறு போதுமா என்று கேட்பதுபோலச் சொல்வார். அதனால் நமக்கும் கோபம் வராது.

அது ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். புதுச் சைக்கிளை யாரும் நினைக்கவில்லை. வீட்டுக்கடியிலும் ஆட்டுக் கொட்டகையிலும் கிடந்த பழைய பிரேம்களெல்லாம் எங்கள் கடைக்கு வந்தன. ஒருமுறை கோலா கங்சாரிலிருந்து கல்யாண மாப்பிள்ளை ஒருவர் வந்து மஞ்சள்தான் வேண்டுமென்று நின்றார். தவுக்கேசோ கையை உதறினார். "மஞ்சள் சுல்தான் வீடு. லு சுல்தானா?" மஞ்சள் இங்கே அரச வீட்டு நிறம்; நீ என்ன சுல்தானா என்று கேட்டார். மாப்பிள்ளை மஞ்சள் மங்களமான நிறம் என்று விளக்கிப் பார்த்தார். "மஞ்சள் பெண்டாட்டி கழுத்துலே போடு. வண்டிக்குப் பச்சை போடு" என்றார் இவர். கடைசியில் பச்சைதான் போனது. போகும்போது மாப்பிள்ளைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது வெள்ளைக்கு வருகிறேன்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம். நம் ஆட்கள் அதை ஆத்தங்கரைத் தோட்டம் என்பார்கள். அந்தத் தோட்டத்து லாரி ரப்பர்ச் சுருள்களை ஈப்போ ரயிலடியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு நாள் எங்கள் கடை வாசலில் நின்றது. லாரி ஓட்டிய முனுசாமி எனக்கு ஏற்கெனவே பழக்கம். என் வயதுதான். ஓயாமல் பேசுகிறவன். அன்றைக்கு என்னவோ பேசாமல் இறங்கி, பின்னாலிருந்து ஒரு பிரேமைத் தூக்கி வந்து வைத்தான். பெண்கள் ஓட்டும் வகை. மேல் குழாய் இல்லாமல் வளைந்து இறங்கும் பிரேம். சீமைக்குத் திரும்பிப் போய்விட்ட துரைசாணி ஒருத்தி விட்டுப் போனது. பங்களாவுக்குப் பின்னால் மழையில் கிடந்து, கருவாட்டு நிறத்துக்கு வந்திருந்தது. தொட்டால் செதில் செதிலாக வந்தது.

அவனுக்குப் பின்னால் ஒரு பெண் லாரியிலிருந்து இறங்கினாள். ஒரு காலை மெதுவாக ஊன்றி வந்தாள். முனுசாமியின் அக்கா சின்னப்பொண்ணு. தோட்டத்தில் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவச்சி. புருஷன் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது.

தவுக்கேசோ ஸ்பேனரோடு வந்து தட்டினார். அடியில், பெடல் அச்சு வரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குழாய் மந்தமாகச் சொன்னது. நகத்தால் சுரண்டினார். பச்சைப்பயறு அளவுக்கு ஓட்டை தெரிந்தது. பித்தளை உருக்கி ஒட்டலாம், மற்றதெல்லாம் நல்ல குழாய் என்றார். பிறகு அவருடைய கேள்விகள். யார் ஓட்டுவது?

"நாந்தாங்க" என்றாள் சின்னப்பொண்ணு. "நடந்தா முட்டி வீங்குது. உக்காந்து ஆட்டினா வலிக்கல. தோட்டத்துல இருக்கற அஞ்சு டிவிசனுக்கும் போவணும். துரைகிட்ட கேட்டேன், எடுத்துக்கன்னாரு."

"என்ன நிறம்?"

"சுட்ட கறுப்பு போடுங்க தவுக்கேசோ" என்றான் முனுசாமி.

"வெள்ளை" என்றாள் அக்கா.

தவுக்கேசோ ஸ்பேனரைக் கீழே வைத்தார். "வெள்ளை தா போலே. முடியாது. வெள்ளை செத்த வீடு. என் கடையிலே வராது."

"கேட்டுக்கக்கா. அவங்களே சொல்றாங்க" என்றான் முனுசாமி. "நம்ம ஆளுங்க என்ன சொல்வாங்கன்னு நெனச்சுப் பாத்தியா? புருஷன் இல்லாதவ, வெள்ளைச் சைக்கிள்ல ஏறிப் புள்ள பொறக்குற வீட்டுக்கு வந்தா வாசல்ல ஏத்துவாங்களா? இருக்கற வேலையும் போயிரும்."

"ஏத்துறதும் ஏத்தாததும் வயித்து வலி வந்தவ பாத்துக்குவா. நீ ஒண்ணு சொல்லு. போன மாசம் அன்னிக்கு நான் என்ன சேல கட்டியிருந்தேன்?"

முனுசாமி பிரேமின் துருவை நகத்தால் சுரண்டினான்.

"சொல்லுடா."

"மரக்கலரு."

"மரக்கலரு சேல, தலைல கோணி. மழை கொட்டுது. மரத்துக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியல உனக்கு. நீ என்ன குடிச்சிருந்தியா? இல்ல. கண்ணு தெரியாதவனா? இல்ல. முன்னால போறது அக்கான்னு தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்ப. தெரியணும்ல? அதுக்குத்தான்டா வெள்ளை கேக்குறேன்."

அவன் திரும்பி லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆத்தங்கரைத் தோட்டத்தில் மருத்துவச்சியை லாரி இடித்துவிட்டது என்ற செய்தி எங்கள் காதுக்கும் வந்திருந்தது. ஓட்டியது யார் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

என்ன நடந்தது என்று தவுக்கேசோ என்னிடம் மெல்ல மலாயில் கேட்டார். நான் தெரிந்த வரைக்கும் சொன்னேன். மீதியைச் சின்னப்பொண்ணு தானே சொன்னாள். மத்தியானம்தான், ஆனால் மழைக்கு ரப்பர்க் காடு அந்தி மாதிரி இருண்டிருந்தது. மூன்றாவது டிவிசனில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவ வலி. கூப்பிட ஆள் வந்ததும் இவள் குறுக்குச் சடக்கில், அதாவது தோட்டத்து மண் சாலையில், வேகமாக நடந்திருக்கிறாள். வளைவில் லாரி தட்டிக் கால்வாயில் விழுந்துவிட்டாள். தம்பி இறங்கி ஓடிவந்து தூக்கினான். என்னை விடுடா, முதலில் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய், பேறு பார்க்கத் தெரிந்த யாரையாவது அந்தப் பெண்ணிடம் கூட்டிக்கொண்டு போ என்று இவள் கத்தியிருக்கிறாள். அவனுக்கு ரத்தத்தைப் பார்த்ததும் கை கால் ஓடவில்லை. இவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிவிட்டான்.

"பிள்ளை?" என்று கேட்டார் தவுக்கேசோ.

"அழுவல" என்றாள் சின்னப்பொண்ணு. "தாய் பொழச்சிக்கிட்டா. புள்ள அழுவவே இல்ல."

தவுக்கேசோ பிரேமைச் சுற்றி ஒரு முறை நடந்தார். உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் சிவப்புச் சாய டப்பா இருந்தது. அதைப் பிரேமின் பக்கத்தில் வைத்தார்.

"எங்க ஆளு, பிள்ளை பொறந்து ஒரு மாசம் ஆனா, முட்டைக்குச் சிவப்புப் போட்டு எல்லா வீட்டுக்கும் குடுக்கும். வெள்ளை முட்டை, மேலே சிவப்பு. வெள்ளை மட்டும் தா போலே. வெள்ளை போட்டு, எல்லாக் குழாயிலேயும் சிவப்புக் கோடு போட்டா செத்த வீடு இல்லை. பிள்ளை வீடு."

முனுசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். "குங்குமம் வச்ச மாதிரி இருக்கும்க்கா. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

சின்னப்பொண்ணு அந்தச் சிவப்பு டப்பாவைப் பார்த்தாள். அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. "எனக்கா வைக்கிறாங்க? சைக்கிளுக்குத்தானே. வைக்கட்டும்" என்றாள்.

முடிவு செய்வது சுலபமாக முடிந்துவிட்டது. செய்வதுதான் என் உயிரை எடுத்தது. கறுப்புக்குக் கீழே எவ்வளவு குழி இருந்தாலும் கறுப்பு மூடிக்கொள்ளும். வெள்ளை ஒன்றையும் மூடாது, கூட்டித்தான் காட்டும். துருவைக் கடைசிச் செதில் வரைக்கும் எடுத்தேன். ஓட்டையைக் கொல்லன் பித்தளையால் அடைத்துக் கொடுத்தான். துரு மறுபடி ஏறாமலிருக்க முதல் பூச்சாக ஈயச் செந்தூரம் அடித்தோம். அதன்மேல் வெள்ளை அடித்தால் ரோஜா நிறமாக எட்டிப் பார்த்தது. அதனால் நடுவில் சாம்பல் பூச்சு ஒன்று. குழிகளுக்கு வெள்ளைச் சுண்ணப்பொடியை வார்னிஷில் குழைத்து மக்கு வைத்து, காய்ந்ததும் நுரைக்கல்லும் தண்ணீரும் போட்டுத் தேய்த்தேன். தவுக்கேசோ மணிக்கட்டை வைத்துப் பார்த்தார். "லாகி." மறுபடி மக்கு. மறுபடி தேய்ப்பு. "லாகி."

அடுப்பில் சுடலாமா என்று ஒரு மட்கார்டை மட்டும் வைத்துப் பார்த்தோம். கரியைக் குறைத்துப் போட்டும், வெற்றிலை போடுகிறவர் பல் மாதிரி பழுத்து வந்தது. இனிக் காற்றில் காயவைப்பதுதான் வழி. ஈப்போ மழைக்காலத்தில் துணியே காயாது. துத்தநாக வெள்ளையை ஆளிவிதை எண்ணெயில் அரைத்துப் பூசிவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தோம். தெருவில் மாட்டு வண்டி போனால் கதவைச் சாத்துவேன். ஒரு மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்பியது. விளக்கை அணைப்பதற்குள் ஈர வெள்ளையில் சிறகோடு அப்பிக்கொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தவுக்கேசோ பார்த்தார், சிரித்தார். "ஈசலுக்கும் இந்த வண்டி தெரியுது. நல்லது" என்றார். காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசினேன்.

கடைசியில் ஒரு காலையில் அவர் மணிக்கட்டை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அப்படிப் போனால் சரி என்று அர்த்தம். நீளமுடி பிரஷை எடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு சிவப்புக் கோடுகளைப் போட்டேன். முன்குழாயில் மட்டும் அவரே வந்து பிரஷை வாங்கி ஒரு கோடு இழுத்தார். அவர் பிரஷ் பிடித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். கை ஆடவே இல்லை.

சின்னப்பொண்ணுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது, வண்டியை எடுக்க வந்த அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது! கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் முனுசாமி சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓட, அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தாள். "விட்றாதடா, விட்றாதடா" என்று அவள் கத்த, "விடலக்கா, விடலக்கா" என்று அவன் எப்போதோ கையை விட்டுவிட்டுப் பின்னால் ஓடிவந்தான். சந்தின் கோடியில் இருந்த சீனக் கிழவர் கோழிக்கூண்டை அவசரமாக நகர்த்தினார். தவுக்கேசோ கொல்லைக் கதவில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த வாரம் லாரி ஈப்போவுக்கு வந்தபோதெல்லாம் அவளும் கூட வந்து சந்தில் ஓட்டிப் பழகினாள். பிறகு வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு முனுசாமிதான் செய்தி கொண்டுவருவான். ஆரம்பத்தில் லயத்துக் கிழவிகள் முணுமுணுத்தார்களாம். ஒரு கங்காணி வீட்டில், வண்டியை வாசலுக்கு இந்தப் பக்கம் கொண்டுவராதே என்றார்களாம். இவள் தெருமுனையில் நிறுத்திவிட்டு நொண்டிக்கொண்டே நடந்து போய்ப் பேறு பார்த்தாளாம். இரட்டைப் பிள்ளை. இரண்டும் நன்றாக அழுததாம். மறுநாள் அந்த வீட்டு ஆம்பிளையே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனானாம்.

சில மாதம் கழித்து முனுசாமி வந்து, பெடல் பக்கம் சாயம் பெயர்ந்துவிட்டது, கடைக்கு அனுப்ப ஒரு நாள்கூட அக்காவால் வண்டியை விட முடியாது, நீதான் வரவேண்டும் என்றான். தவுக்கேசோ சின்ன டப்பாக்களில் வெள்ளையும் சிவப்பும் ஊற்றிக் கொடுத்தார். நான் லாரியில் ஏறினேன். வழியெல்லாம் பழையபடி ஓயாமல் பேசிக்கொண்டே வந்தான். தோட்டத்து எல்லைக்குள் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ரப்பர் மரங்களுக்கு நடுவே அந்தச் செம்மண் சடக்கு குகை மாதிரி இருண்டு கிடந்தது. மூன்றாவது டிவிசன் லயத்துக்குச் சற்று முன்னால், பேச்சை நிறுத்தி, லாரியைச் சடக்கின் ஓரத்துக்கு ஒதுக்கி, இன்ஜினையும் அணைத்துவிட்டான்.

"என்னடா ஆச்சு?"

"அங்க பாரு."

எனக்கு மரங்கள்தான் தெரிந்தன. பிறகு தெரிந்தது. வரிசை வரிசையான மரங்களுக்கு அப்பால், வெகு தூரத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி. மரத்துக்குப் பின்னால் மறைந்து அடுத்த மரத்துக்கு இந்தப் பக்கம் வந்தது. மணிச் சத்தமோ சக்கரச் சத்தமோ கேட்கும் தூரமில்லை. ஆனால் லயத்திலிருந்து ஒரு பெண் குரல் மழையையும் மீறிக் கேட்டது.

"வெள்ளை தெரியுதுடி! தண்ணி வைங்க!"

லயத்துக் கூரையிலிருந்து புகை கிளம்பியது. நான் டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். சடக்கு லாரி இரண்டு போகும் அகலம் இருந்தது. இந்த ஓரத்தில் மெதுவாகப் போனாலே யாருக்கும் ஆபத்தில்லை. முனுசாமி ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சின்னப்பொண்ணு வந்தாள். தலையில் அதே கோணி. வெள்ளைக் குழாயில் சேறு தெறித்திருந்தது. எங்களைத் தாண்டும்போது மிதிப்பதை நிறுத்தவில்லை. "ஏன்டா, இம்புட்டு அகலம் கெடக்கு, எதுக்குடா இப்படி நிக்கிற? எடுடா வண்டிய, ஸ்டோர்ல தேடுவாங்க" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு லயத்தின் பக்கம் திரும்பிவிட்டாள்.

"எப்பவும் இப்படித்தான் நிறுத்துவியா?" என்று கேட்டேன்.

"எப்பவும்தான்."

அவள் லயத்துக்குள் நுழையும் வரை பார்த்திருந்தான். அந்தக் காலத்து லாரியை உள்ளே உட்கார்ந்தபடி கிளப்ப முடியாது. முன்னால் போய்க் கம்பியைச் செருகிச் சுற்றவேண்டும். முனுசாமி கம்பியை எடுத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் இறங்கிப் போனான்.